ரப்பர் விலையும் ரப்பர் மரமும்

1925ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் ரப்பர் 4 ஷில்லிங்குக்கு மேல் விலை போயிற்று. 1932ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அதே சந்தையில் அதே ஓர் இராத்தல் 2 பென்சுகூடப் பெறவில்லை. ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்சு என்ற அந்நாளையக் கணக்கின்படி, இருபத்துநான்கு பங்காக இருந்த விலை ஏழே ஆண்டுகளில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. இந்த ஏழாண்டு என்னும் எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நலம். ஒரு ரப்பர்க் கன்று நடப்பட்ட நாளிலிருந்து பால் வெட்டுக்கு வரும்வரை ஆகும் காலமும் ஏறத்தாழ அவ்வளவே.

விலை ஏன் இப்படி வீழ்ந்தது என்பதற்கு அந்நாளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் காட்டினர். தோட்ட முதலாளிகள் அமெரிக்க டயர்க் கம்பெனிகளைச் சாடினர். அமெரிக்கர் பிரிட்டிஷ் அரசாங்கத்தைச் சாடினர். இலண்டனில் இருந்தோர் ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த தீவுகளைச் சாடினர். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் எல்லார்க்கும் பொதுவான சாக்காக வாய்த்தது. இக்காரணங்கள் பொய்யல்ல. ஆயினும் இவற்றுள் எதுவும் முழுக் காரணம் ஆகாது. ரப்பர் விலை 1929க்கு முன்னும் இவ்வாறு ஏறி இறங்கியதுண்டு. பின்னும் ஏறி இறங்கியதுண்டு. 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போன விலை அடுத்த ஐந்தாண்டுகளில் சரிந்தது. முந்திய விலையேற்றக் காலத்தில் தாய்லாந்திலும் வியட்நாமிலும் லாவோசிலும் நடப்பட்ட கன்றுகள் பாலுக்கு வந்ததும் அக்காலத்திலேதான். ஆகவே ஓர் அமைச்சரின் பிழை, ஒரு கம்பெனியின் சூது என்பவற்றுக்கு அப்பால் காரணம் தேடவேண்டியிருக்கிறது.

ஒரு செயலின் விளைவு திரும்பி வந்து அச்செயலையே கூட்டுவதோ குறைப்பதோ உண்டானால் அதனைப் பொறியியலார் பின்னூட்டம் என்பர். விலை ஏறினால் மக்கள் மரம் நடுவர். மரம் மிகுந்தால் பால் மிகும். பால் மிகுந்தால் விலை இறங்கும். விலை இறங்கினால் நடுவது நிற்கும். பார்ப்பதற்கு இது தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் நல்ல ஏற்பாடாகத் தோன்றும். கத்தரிக்காய் பயிரிடுபவனுக்கு அது உண்மையும்கூட. விலையைக் கண்டு மயங்கி மிகுதியாக நட்டவன் சில திங்களில் தன் பிழையை உணர்ந்துவிடுவான். ரப்பர் நட்டவனுக்கு அந்தப் பாடம் வந்துசேர ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் அவனும், அவனைப் பார்த்து அடுத்தவனும், அடுத்தவனைப் பார்த்து அயல்நாட்டானும் நட்டுக்கொண்டே போகின்றனர். பாடம் வந்த பிறகோ, நட்ட மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தந்துகொண்டே நிற்கிறது. விலை இறங்கிவிட்டது என்று மரத்துக்கு யார் சொல்வது?

காப்பி தந்த ரப்பர்

1877இல் இலண்டனுக்கருகில் உள்ள கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதற்கு முந்திய ஆண்டு ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுசென்ற விதைகளின் வழிவந்தவை அவை. சில கன்றுகள் பேராக்கில் கோலகங்சாரில் நடப்பட்டன. ஆயினும் ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் அவற்றை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. 1888இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சிறிதே சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். தோட்டக்காரர்களைக் காணும்போதெல்லாம் விதைகளை எடுத்துக் கொடுத்து நடச் சொன்னார். அவர்கள் அவருக்குப் "பைத்தியக்கார ரிட்லி" என்று பெயரிட்டனர். அவர்கள் கண்ணெல்லாம் காப்பியின் மேல் இருந்தது.

காப்பியின் கதையும் இதே வட்டந்தான். 1890களின் தொடக்கத்தில் காப்பி விலை உயர்ந்திருந்தது. மலாயாவில் துரைமார் காப்பி நட்டனர்; பிரேசிலில் அதைவிடப் பன்மடங்கு நட்டனர். பிரேசிலின் செடிகள் காய்த்தபோது உலகச் சந்தை நிரம்பி வழிந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் விலை வீழ்ந்து, மலாயாக் காப்பித் தோட்டங்கள் நொடித்தன. அப்போதுதான் ரிட்லியின் விதைகள் நினைவுக்கு வந்தன. 1896இல் மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்னும் சீனர் ரப்பர்த் தோட்டம் போட்டார். காஜாங் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் வெள்ளைக்காரர் சிலரும் அதே காலத்தில் ரப்பரைப் புகுத்தினர். பிரேசில்காரர் காப்பியை மிகுதியாக நட்டதனால் மலாயாவில் ரப்பர் வளர்ந்தது. மலாயாவில் ரப்பர் வளர்ந்ததனால் பிரேசிலின் காட்டு ரப்பர் வாணிகம் அழிந்தது. பின்னர் உலகத் தோட்ட ரப்பரின் அளவு காட்டு ரப்பரின் அளவை விஞ்சியது.

ரப்பருக்குத் தேவை எங்கிருந்து வந்தது? 1888இல் டன்லப் செய்த காற்றடைத்த டயர் முதலில் சைக்கிளுக்கும் பின்னர் மோட்டார் வண்டிக்கும் சென்றது. ஃபோர்டு கம்பெனியின் மலிவான மோட்டார் வண்டி 1908இல் வெளிவந்தது. 1910 ஏப்ரலில் இலண்டனில் இராத்தல் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அந்த விலை ஓர் ஆண்டுகூட நிலைக்கவில்லை. ஆனால் அது விதைத்த ஆசை நிலைத்தது. 1910 வாக்கில் மலாயாவில் ஐந்து லட்சம் ஏக்கர் அளவில் இருந்த ரப்பர், 1920 வாக்கில் இருபது லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் மட்டும் நட்டன அல்ல. மலாய்க் குடியானவரும் சீனக் கடைக்காரரும் இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் என நட்டனர்.

முதல் உலகப் போர் முடிந்து, தேவை சுருங்கிய 1920, 1921ஆம் ஆண்டுகளில் இம்மரங்களெல்லாம் ஒருசேரப் பால் தந்துகொண்டிருந்தன. இராத்தல் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே போயிற்று. தோட்ட உரிமையாளர் சங்கம் 1920 நவம்பரிலிருந்து தானாகவே உற்பத்தியில் கால்பங்கைக் குறைத்துப் பார்த்தது. பயனில்லை. குறைத்தவன் நட்டப்பட, குறைக்காதவன் ஆதாயம் பெற்றான்.

வேகங்காக்கும் கருவி

அப்போது குடியேற்றநாட்டு அமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். அவர் 1921இல் சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். ஸ்டீவன்சன் ரப்பர் நட்டவர் அல்லர். விஸ்கி வாணிகத்தில் பெயர்பெற்றவர். அக்குழு வகுத்த திட்டம் 1922 நவம்பர் 1ஆம் நாள் மலாயாவிலும் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது.

திட்டத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. 1920 அக்டோபருடன் முடிந்த ஓராண்டில் ஒவ்வொரு தோட்டமும் எவ்வளவு உற்பத்தி செய்ததோ அதனை அடிப்படை அளவாகக் கொண்டனர். தொடக்கத்தில் அதில் நூற்றுக்கு 60 பங்கு மட்டுமே குறைந்த தீர்வையில் ஏற்றுமதி செய்யலாம், மிகுதிக்குக் கடுந்தீர்வை. மூன்று திங்களுக்கு ஒருமுறை இலண்டனின் சராசரி விலையைப் பார்ப்பது. விலை 1 ஷில்லிங் 3 பென்சை எட்டியிருந்தால் அடுத்த மூன்று திங்களுக்கு 5 பங்கைக் கூட்டுவது. 1 ஷில்லிங் 6 பென்சை எட்டியிருந்தால் 10 பங்கைக் கூட்டுவது. 1 ஷில்லிங்குக்குக் கீழே இறங்கினால் குறைப்பது. ஆக, விலை தானே ஏற்றுமதியைத் திறக்கவும் மூடவும் வேண்டும். அதிகாரிகள் மூளையைச் செலுத்த வேண்டியதில்லை.

இத்தகைய கருவி நீராவி எந்திரத்தில் உண்டு. ஜேம்ஸ் வாட் 1788இல் தம் எந்திரத்தில் பொருத்திய இரட்டைக் குண்டுக் கருவி அது. எந்திரம் வேகமாகச் சுழன்றால் குண்டுகள் விரிந்து நீராவியின் வழியைக் குறுக்கும். வேகம் தணிந்தால் குண்டுகள் தாழ்ந்து வழியை விரிக்கும். எந்திரம் தன் வேகத்தைத் தானே காத்துக்கொள்ளும். ஆயினும் சில எந்திரங்களில் இக்கருவி வேகத்தைக் காப்பதற்குப் பதிலாக மேலும் கீழுமாக ஊசலாட்டியது. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் 1868இல் இதனைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். திருத்தும் கருவி இருந்தால் மட்டும் போதாது. எவ்வளவு திருத்துகிறது, எப்போது திருத்துகிறது என்பவையும் பொருந்தவேண்டும். காலம் தாழ்ந்து வரும் திருத்தம், வேகம் குறைந்துகொண்டிருக்கும் வேளையில் மேலும் குறைத்தும், கூடிக்கொண்டிருக்கும் வேளையில் மேலும் கூட்டியும் ஊசலாட்டத்தைப் பெருக்கிவிடும்.

ஸ்டீவன்சன் திட்டத்தில் நேர்ந்தது அதுவே. 1924இல் விலை தாழ்ந்திருந்தமையால் ஏற்றுமதிப் பங்கு படிப்படியாகக் குறைந்து ஆண்டிறுதியில் 50 ஆயிற்று. அதே காலத்தில் அமெரிக்காவில் மோட்டார் வண்டிகள் பெருகின. பருத்த புதுவகை டயர்களும் வழக்குக்கு வந்தன. கையிருப்புக் கரைந்தது. 1925இல் விலை பாய்ந்தேறத் தொடங்கியபோது கருவி என்ன செய்தது? பிப்ரவரியில் 55, மே திங்களில் 65, ஆகஸ்டில் 75, நவம்பரில் 85 என ஏணிப்படி ஏறுவதுபோல் ஏறிற்று. விலை 1 ஷில்லிங் 6 பென்சாக இருந்தாலும் 4 ஷில்லிங்காக இருந்தாலும் அதற்குத் தெரிந்தது பத்துப் பங்கு ஒன்றே. 1926 பிப்ரவரியில் முழு 100 பங்கும் திறந்துவிடப்பட்டபோது விலை இறங்கத் தொடங்கியிருந்தது. உடனே இலக்கு விலையை 1 ஷில்லிங் 9 பென்சாக உயர்த்தினர். 1926 நவம்பரில் பங்கு 80 ஆயிற்று. அடுத்த ஆண்டில் 60 வரை இறங்கிற்று. வெள்ளம் வந்தபின் அணை போடுவதும், வறட்சி வந்தபின் ஏரி வெட்டுவதும் எத்தகையவோ அத்தகையது இது.

ஆயினும் இது குறைகளுள் சிறியதே. மூன்று திங்களுக்கு ஒருமுறை பார்க்கும் கண்ணைத் திங்களுக்கு ஒருமுறை பார்க்கச் செய்து இதனைத் திருத்தியிருக்கலாம். திருத்தமுடியாத குறை வேறோரிடத்தில் இருந்தது. அத்திட்டம் வெட்டும் பாலை அளந்தது. உலகில் நடப்படும் கன்றை அளக்கவில்லை.

வேலிக்கு வெளியே

1922இல் உலக ரப்பரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் விளைந்தது. ஒல்லாந்த அரசாங்கம் கட்டுப்பாட்டில் சேர மறுத்துவிட்டது. ஒல்லாந்தரின் கணக்கு எளியது. அண்டை வீட்டான் தன் செலவில் விலையை உயர்த்தித் தருகிறான், நாம் ஏன் குறைக்கவேண்டும் என்பது.

சுமத்திராவிலும் போர்னியோவிலும் இருந்த குடியானவர் அந்தக் கணக்கை அரசாங்கத்தைவிட நன்றாகப் போட்டனர். காட்டை வெட்டிச் சுட்டு, ஓரிரு பருவம் மலைநெல் விளைவித்து, பிறகு நிலத்தைக் காடாக விட்டுவிடுவது அவர்களின் பழைய முறை. இப்போது நெல்லோடு ரப்பர் விதையையும் ஊன்றினர். நெல்லை அறுத்துக்கொண்டு போனபின் ரப்பர் தானே வளர்ந்தது. களையெடுக்கவில்லை, கூலியாள் வைக்கவில்லை, வட்டிக்குப் பணம் வாங்கவில்லை. ஆகவே விலை எவ்வளவு இறங்கினாலும் அவர்களுக்கு நட்டம் என்பது அரிது. விலை உச்சியிலிருந்த காலத்தை ஜாம்பிப் பகுதி மக்கள் "பொன்மழை" என்று அழைத்தனர். பொன்மழையில் நனைந்தவர் வீடு கட்டினர். மக்காவுக்குச் சென்று வந்தனர். மேலும் ரப்பர் நட்டனர்.

அமெரிக்காவும் வாளாவிருக்கவில்லை. வணிகத்துறைச் செயலராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர், பிரிட்டிஷ் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார். பழைய டயர்களிலிருந்து ரப்பரை மீட்டு மீண்டும் பயன்படுத்தும் தொழில் அங்கே வளர்ந்தது. ஃபயர்ஸ்டோன் கம்பெனி 1926இல் ஆப்பிரிக்காவில் லைபீரிய அரசிடம் பத்து லட்சம் ஏக்கர் வரை குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை பெற்றது. ஹென்றி ஃபோர்டு பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றங்கரையில் ஒரு பெருந்தோட்டம் போட முனைந்தார். அது இலைநோயால் நலிந்தது. ஒரு நாட்டார் விலையை உயர்த்திப் பிடிக்கும் ஒவ்வொரு நாளும், அவ்விலையை நம்பி வேறெங்கோ ஒருவர் ஒரு கன்றை ஊன்றினார்.

1928 ஏப்ரல் 4ஆம் நாள் தலைமையமைச்சர் பால்டுவின் அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாளுடன் கட்டுப்பாடு நீங்கும் என்று அறிவித்தார். அறிவிப்பு வெளிவந்ததுமே விலை விழுந்தது. உலக உற்பத்தியில் பிரிட்டிஷ் நாடுகளின் பங்கு அதற்குள் பாதியளவுக்குச் சுருங்கியிருந்தது. 1925இல் நட்டவை இன்னும் பாலுக்கு வரவில்லை. அவை 1931, 1932இல் வந்தன. உலக மந்தம் அடிமட்டத்தைத் தொட்டதும் அப்போதுதான்.

இத்தகைய சுழற்சியைப் பொருளியலார் அதே 1930களில்தான் ஆராயத் தொடங்கினர். விலையையும் விளைவையும் ஆண்டுக்கு ஆண்டு கோடாக வரைந்தால் அக்கோடு சுற்றிச்சுற்றி வலைபோல் அமைவதைக் கண்டு, நிக்கலஸ் கால்டோர் 1934இல் அதற்குச் "சிலந்திவலை" என்று பெயரிட்டார். மலாயாத் தோட்டங்களில் அந்த வலையில் சிக்கியிருந்தவர் அதற்கு முன்பே பல்லாயிரவர்.

ஆள் வரவும் ஆள் செலவும்

மரம் ஏழாண்டு தாமதித்தது. அரசாங்கத்தின் கருவி மூன்று திங்கள் தாமதித்தது. இவ்வமைப்பில் தாமதமின்றி அசைந்த உறுப்பு ஒன்று உண்டு. அது தமிழ்த் தொழிலாளி.

1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும், தாம் ஆள் கொண்டுவந்தாலும் கொண்டுவராவிட்டாலும், அந்நிதிக்குப் பணம் கட்டவேண்டும். அப்பணத்தில் கங்காணிக்கு ஆள் சேர்க்கும் செலவும், ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தங்கும் செலவும், கப்பல் கட்டணமும் கொடுக்கப்பட்டன. வேலையில்லாதவரைத் திருப்பியனுப்பும் செலவும் அதிலேயே அடங்கிற்று. வருபவனுக்குக் கடன் இல்லை என்பதால் பழைய ஒப்பந்த முறையைவிட இது மேலானதே, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்நிதியின் அமைப்பு ஒரு மதகைப் போன்றது. விலை ஏறினால் மதகு திறக்கும், இறங்கினால் மூடும், மிகவும் இறங்கினால் நீர் எதிர்த்திசையில் ஓடும்.

வந்தவர் தொகையைப் பார்த்தாலே ரப்பர் விலையைச் சொல்லிவிடலாம். 1925இல் இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்தவர் ஏறத்தாழ 90,000 பேர். விலையேற்றத்தையொட்டி 1926இல் அத்தொகை 1,70,000ஐத் தாண்டியது. கட்டுப்பாடு நீங்கும் என்ற அறிவிப்பால் விலை வீழ்ந்த 1928இல் 63,000 ஆயிற்று. 1929இல் மீண்டும் ஒரு லட்சத்துக்கு மேல் ஏறி, 1930இல் 69,000ஆகவும், 1931இல் இருபதாயிரத்துக்குக் கீழாகவும் இறங்கிற்று. 1930 ஆகஸ்டில் கங்காணிமார் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு மலாயாவை விட்டு இந்தியா திரும்பியவர் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். வந்தவரைப் போல் இருமடங்குக்கு மேல்.

1926இல் புதிதாகக் கட்டி விடப்பட்ட ரஜூலா கப்பல் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிற்று. அதே கப்பலில் 1926இல் வந்திறங்கிய குடும்பம் 1931இல் திரும்பிப் போயிருக்கக்கூடும். தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் வடார்க்காட்டிலும் அவர்கள் விட்டு வந்த ஊர்களில் அப்போது நெல் விலையும் வீழ்ந்துகிடந்தது. நிலமுடையவனே கடனில் தத்தளித்த காலம் அது. தோட்டத்துக் கணக்கில் ஒரு செலவு குறைந்தது. அச்செலவு அழிந்துவிடவில்லை, கடல் கடந்து ஒரு சிற்றூரின் தலையில் ஏறிற்று. இலண்டன் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் அதற்கு இடமில்லை.

தங்கிவிட்டவர்க்கு நேர்ந்தது என்ன? 1928இல் முதன்மையான தோட்டப் பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் அது 40, 32 ஆயிற்று. பின்னர் அதற்கும் கீழே போயிற்று. வேலைநாட்களும் குறைந்தன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். விலை வீழ்ந்தால் உற்பத்தி குறையவேண்டும். அதுவே வட்டத்தின் தணிக்கும் பகுதி. ஆனால் சிங்கப்பூரில் 1929இல் இராத்தலுக்கு ஏறத்தாழ 34 காசாக இருந்த சராசரி விலை 1932இல் 7 காசாக விழுந்தபோது, மலாயாவின் உற்பத்தி நாலரை லட்சம் டன்னிலிருந்து நாலு லட்சத்துச் சொச்சத்துக்கே இறங்கிற்று. விலை ஐந்தில் ஒரு பங்காகியும் உற்பத்தி பத்தில் ஒரு பங்கு அளவே குறைந்தது. 1930 மே திங்கள் முழுதும் பால் வெட்டாமல் தோட்டங்கள் ஓய்ந்திருந்தும் விலை அசையவில்லை. காரணம் மறைவானதன்று. கூலியைக் குறைத்து, ஆளைக் கப்பலேற்றி, தோட்டங்கள் தம் செலவைச் சுருக்கிக்கொண்டன. செலவு சுருங்கியதால் அவ்விழிந்த விலையிலும் வெட்ட முடிந்தது. வெட்டியதால் சந்தை நிரம்பியே இருந்தது. நிரம்பியதால் விலை மேலும் இழிந்தது. ஆகவே கூலி மேலும் குறைந்தது. தணிக்கவேண்டிய வட்டம் பெருக்கும் வட்டமாயிற்று. ஆளைத் திருப்பியனுப்பும் வசதியே நோயை நீட்டித்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இரண்டாம் கட்டுப்பாடு

1934 மே 7ஆம் நாள் கையெழுத்தான அனைத்துலக ரப்பர்க் கட்டுப்பாட்டு உடன்படிக்கை முன்னைய பிழையிலிருந்து ஒன்றைக் கற்றிருந்தது. மலாயா, இலங்கை, இந்தியா, பர்மா, வட போர்னியோ, சரவாக், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், பிரெஞ்சு இந்தோசீனம், சயாம் ஆகிய யாவும் அதில் சேர்ந்தன. வேலிக்கு வெளியே பெரும்பாலும் ஒருவரும் இல்லை. அதோடு, புதிதாக ரப்பர் நடுவதும் தடுக்கப்பட்டது. முதன்முறையாக, விரைந்து சுழலும் வட்டத்தை மட்டுமன்றி மெல்லச் சுழலும் வட்டத்தையும் ஒரு சட்டம் தொட்டது.

விலை ஏறியது, ஓரளவு நிலைத்தது. ஆனால் அந்நிலைப்பின் செலவு சமமாகப் பங்கிடப்படவில்லை. பெருந்தோட்டம் பழைய மரத்தை ஒரு பகுதியில் வெட்டிவிட்டு உயர்விளைவுக் கன்றுகளை மறுநடவு செய்யலாம். மற்றப் பகுதிகளின் வருவாய் அதற்குத் தாங்கும். மூன்று ஏக்கர் வைத்திருந்த மலாய்க் குடியானவன் மரத்தை வெட்டினால் ஆறேழு ஆண்டு உண்பதற்கு வழியில்லை. அவனுக்குத் தேவைப்பட்டது புதுநிலம், அதுவே தடுக்கப்பட்டது. சிறுதோட்டங்களின் உற்பத்தி குறைத்தே மதிப்பிடப்பட்டது என்பதைப் போருக்குப் பின் பி. டி. பௌவர் என்னும் பொருளியலார் 1948இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். சுமத்திராவிலோ முதலில் ஆளுக்கு ஆள் பங்கு வகுக்காமல் ஏற்றுமதி வரியை ஏற்றிக்கொண்டே போயினர். விலை ஏறஏற வரியும் ஏறிற்று. குடியானவன் கைக்கு விலையேற்றம் வந்துசேரவில்லை.

தொழிலாளர் பக்கம் வருவோம். 1934இல் மதகு மீண்டும் திறந்தது. 1936 இறுதியில் இந்திய அரசின் சார்பில் வந்த சீனிவாச சாஸ்திரியார் தோட்டங்களைப் பார்வையிட்டு, கங்காணி ஆள்சேர்ப்பை நிறுத்தவும் 50, 40 காசுக் கூலியைத் திருப்பித் தரவும் பரிந்துரைத்தார். 1937இல் விலை நன்றாயிருந்தபடியால் கூலியும் அந்த அளவுக்கு வந்தது. ஏற்றுமதிப் பங்கு அவ்வாண்டின் பிற்பாதியில் 90. அமெரிக்காவில் மீண்டும் மந்தம் தலைகாட்டவே, 1938இன் பிற்பாதியில் பங்கு 45 ஆயிற்று. தோட்டங்கள் பழைய பழக்கப்படி உடனே கூலியில் கைவைத்தன. 50 காசு 45 ஆயிற்று.

இம்முறை வட்டத்தில் ஒரு மாறுதல். மலாயா இந்தியர் மத்திய சங்கம் 1936இலேயே தோன்றியிருந்தது. கூலிக் குறைப்புக்கு எதிர்ப்பு எழுந்தது. 1938 ஜூன் திங்களில் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதைத் தடைசெய்தது. முப்பது ஆண்டுகளாகத் தோட்டத் துரைமார் கையிலிருந்த மதகின் பிடி வேறோரிடத்துக்குப் போயிற்று.

அதன் பொருள் மூன்றாண்டுகளில் விளங்கிற்று. ஐரோப்பாவில் போர் மூண்டு ரப்பர்த் தேவை பெருகியது. முன்போலாயின் கப்பல் கப்பலாக ஆள் வந்திறங்கிக் கூலி ஏறாமல் தடுத்திருக்கும். இப்போது வருவார் இல்லை. இருந்த தொழிலாளர் தம் மதிப்பை உணர்ந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் ஆர். எச். நாதனின் ஊக்கத்தால் வேலைநிறுத்தங்கள் பரவின. மே திங்களில் நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார், துருப்புக்கள் வந்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. கூலி 60 காசு வரை ஏறிற்று.

அத்தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு ஒன்று. பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டும் என்பது ஒன்று. தோட்டத்துத் துரையும் கிராணியும் எதிரே வரும்போது சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை நீக்கவேண்டும் என்பது மற்றொன்று.